கேளாச் செவியும் காணா நோயும்

நோய் என்றால் அதற்கு ஓர் அடையாளம் இருக்கும் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். காய்ச்சல் என்றால் உடல் கொதிக்கும். அம்மை என்றால் மேனியில் கொப்புளம் காணும். காமாலை என்றால் கண் மஞ்சளாகும். அடையாளம் கண்டால் மருத்துவரை நாடுகிறோம். காணாவிட்டால் நலமாக இருக்கிறோம் என்று மகிழ்கிறோம்.

ஆனால், அடையாளம் எதுவுமே காட்டாமல் உடலுக்குள் புகுந்து, ஓசையின்றித் தங்கி, தங்கியவரை விட்டுவிட்டு வேறொருவரைத் தாக்கும் நோய்களும் உண்டு. இந்த உண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் தலையாயவர் சார்லஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு அறிஞர். டைபஸ் காய்ச்சல் பேனால் பரவுகிறது என்று கண்டுபிடித்து, 1928ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றவர் அவர். இவ்வளவும் பாடப் புத்தகங்களில் உண்டு. ஆயினும், அவர் கண்டெடுத்த வேறு இரண்டு பொருள்கள் அவர் வாழ்நாளில் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்தன. ஒன்று, மிகச் சிறிய ஓர் ஒட்டுண்ணி. மற்றொன்று, ஒரு கருத்து. அவர் மறைந்த பிறகு அவ்விரண்டும் சந்தித்துக்கொண்டன. சந்தித்த இடம் கருவுற்ற தாயின் வயிறு. அந்த வரலாற்றைத் தமிழ் மாணவத் தோழர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

பிரான்சு நாட்டின் வடபகுதியில் நார்மண்டி என்ற மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரமான ரூவானில் 1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் சார்லஸ் நிக்கோல் பிறந்தார். தந்தை யூஜீன் நிக்கோல் அவ்வூரில் பெயர் பெற்ற மருத்துவர். பிள்ளைகள் மூவர். மூத்தவர் மொரீசும் பின்னாளில் நுண்ணுயிர் அறிஞராகப் புகழ் பெற்றார். இளையவர் மார்செல் கலைத் துறையை நாடினார். நடுப்பிள்ளையான சார்லசுக்கு உள்ளமெல்லாம் இலக்கியத்திலும் வரலாற்றிலுமே இருந்தது. எனினும் தந்தையின் விருப்பப்படி மருத்துவம் பயிலச் சென்றார்.

அந்த இளம் வயதிலேயே அவருக்கு ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. இருபது வயது நிரம்புவதற்குள் செவிப்புலன் மங்கத் தொடங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறைந்துகொண்டே போயிற்று. மருத்துவ மாணவனுக்குச் செவி எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! மார்பிலே குழாயை வைத்து, இதயத்தின் துடிப்பையும் மூச்சின் இரைச்சலையும் கேட்டு நோயை உணர்வதே அந்நாளைய மருத்துவம். மற்றவர்கள் கேட்டதை அவரால் கேட்க முடியவில்லை. வேறொருவராக இருந்தால் படிப்பையே விட்டிருப்பார். நிக்கோல் விடவில்லை. செவி வேண்டாத மருத்துவம் ஒன்று உண்டு; அது ஆய்வுக்கூடத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது என்று கண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

பாரிஸ் நகரில் பாஸ்டர் நிலையம் அப்போது புதிதாக எழுந்திருந்தது. அங்கே எமில் ரூ, மெட்ச்னிக்காஃப் போன்ற பேராசான்களிடம் அவர் பயின்றார். 1893இல் மருத்துவப் பட்டம் பெற்றுப் பிறந்த ஊருக்கே திரும்பினார். 1895இல் திருமணம் நடந்தது. பிறந்த பிள்ளைகள் இருவரும் பின்னாளில் மருத்துவர்களாயினர். ரூவானில் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். தொண்டை அடைப்பான் நோய்க்குச் சீரம் தயாரித்தார். பெரிய ஆய்வு மையமாக அதை வளர்க்க வேண்டும் என்று கனவு கண்டார். உடன் பணியாற்றியோர் ஒத்துழைக்கவில்லை. சொந்த ஊரில் கனவு பலிக்காது என்று தெளிந்தபோது, கடல் கடந்து செல்லத் துணிந்தார்.

துனிசு நகரில்

ஆப்பிரிக்காவின் வடகரையில் உள்ள துனீசியா அந்நாளில் பிரெஞ்சுக்காரரின் ஆட்சிப் பாதுகாப்பில் இருந்தது. அதன் தலைநகரான துனிசில் இருந்த பாஸ்டர் நிலையத்துக்கு இயக்குநராக 1903இல் நிக்கோல் பொறுப்பேற்றார். தம் இறுதி நாள்வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள், அதே பொறுப்பில் இருந்தார்.

ஆட்சி செய்தவர்களின் அறிஞராகவே அவர் அங்கே சென்றார் என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும், அங்கே நோயுற்று மடிந்தவர்கள் பெரும்பாலும் அந்நாட்டு ஏழை மக்கள். அவர்களுடைய நோய்களே அவருடைய ஆராய்ச்சிப் பொருளாயின. வேற்று மொழி வழங்கும் ஊருக்குப் பிழைக்கவும் படிக்கவும் வந்த நம்மைப் போன்றோர்க்கு, வந்த ஊரையே தன் வேலைக்களமாக்கிக்கொண்ட ஒருவருடைய வாழ்க்கை சிந்திக்கத் தக்கது.

அந்நாட்டை அலைக்கழித்த பெரும் பிணி டைபஸ் காய்ச்சல். இது நாம் அறிந்த டைபாய்டு அன்று, வேறு நோய். பஞ்சம், போர், சிறைச்சாலை ஆகிய மூன்றும் எங்கே உண்டோ அங்கே இதுவும் உண்டு. 1812இல் ரஷ்யா மீது படையெடுத்த நெப்போலியனின் வீரர்களில் பலரை மாய்த்தவற்றுள் இதுவும் ஒன்று. துனீசியாவில் குளிர்காலந்தோறும் தலைகாட்டி, கோடை வந்ததும் மறையும். எப்படிப் பரவுகிறது என்பதை எவரும் அறியார். மருத்துவம் செய்யச் சென்ற மருத்துவர்களே பலர் மாண்டனர். ஒருமுறை நோய் கண்ட சிறைச்சாலை ஒன்றைப் பார்வையிட நிக்கோலும் செல்வதாக இருந்தது. புறப்படும் வேளையில் அவருக்கு உடல்நலம் கெட்டது. அவரை விட்டுச் சென்ற இருவரும் நோய் பற்றி இறந்தனர். அன்று அவரும் சென்றிருந்தால்?

பேன் அவிழ்த்த புதிர்

துனிசில் சாதிக்கி மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. டைபஸ் கண்டவர்கள் அதன் வாயிற்படியிலேயே விழுந்து கிடப்பார்கள். அவர்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டே உள்ளே செல்லும் நிக்கோலின் கண்ணில் ஒரு விந்தை பட்டது. வாயிலுக்கு வெளியே நோயாளியைத் தொட்டவர்களுக்கு நோய் வருகிறது. வாயிலில் அவர்களைப் பதிவு செய்யும் பணியாளருக்கு வருகிறது. கழற்றிய துணிகளை வெளுக்கும் தொழிலாளிக்கும் வருகிறது. ஆனால், உள்ளே கட்டிலில் கிடத்திய பிறகு, அருகிலேயே இருந்து பணி செய்யும் தாதியருக்கு வருவதில்லை; பக்கத்துக் கட்டில்காரருக்கும் வருவதில்லை! வாயிலுக்கும் கட்டிலுக்கும் இடையே நடந்தது என்ன? நோயாளியின் அழுக்குடையைக் களைந்தார்கள், மயிரை மழித்தார்கள், வெந்நீரில் குளிப்பாட்டினார்கள், மருத்துவமனை உடையை உடுத்தினார்கள். அவ்வளவுதான். ஆகவே, நோயைச் சுமந்து வந்தது உடையிலும் உடலிலும் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று. அது பேனைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்?

எண்ணியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1909இல் நோயாளியின் இரத்தத்தை ஒரு சிம்பன்சிக் குரங்குக்கு ஏற்றினார். அதற்கு நோய் கண்டது. அதிலிருந்து மக்காக் குரங்குக்கு ஏற்றினார், அதற்கும் கண்டது. அக்குரங்கின் மேல் பேன்களை மேயவிட்டு, அதே பேன்களை நலமான குரங்குகள்மீது விட்டார், அவையும் நோயுற்றன. பேனின் கழிவில் நஞ்சு இருக்கிறது, சொறியும்போது அது தோலில் ஏறுகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. மருந்தே இல்லாத காலத்தில், துணியை வெந்நீரில் இட்டுப் பேனை ஒழித்தால் போதும் என்ற எளிய வழி கிடைத்தது. முதல் உலகப் போரில் செர்பியாவில் டைபஸ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பேன் ஒழிப்பை முறையாகச் செய்த மேற்குப் போர்முனையிலோ அது பரவவில்லை. இதற்கே நோபெல் பரிசு.

செகந்திராபாத்திலிருந்து துனிசுக்கு

இனி ஒட்டுண்ணியின் கதைக்கு வருவோம். இது தொடங்குவது நாம் வாழும் இந்த ஊரிலேதான்.

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தை அடுத்த பேகம்பேட்டையில், கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்டு ராஸ் கண்டார் என்பதை ஐதராபாத் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே உயிரணுவால் ஆன ஒட்டுண்ணிகளைத் தேடும் ஆர்வம் அதன்பின் உலகெங்கும் பெருகிற்று. 1903இல் சென்னை அரசினர் மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டொனோவன், காலா அசார் நோயாளிகளின் மண்ணீரலில் புதியதொரு நுண்ணுயிரைக் கண்டார். லீஷ்மன் என்பவரும் அதே உயிரை இங்கிலாந்தில் கண்டிருந்தார். இருவர் பெயரையும் இணைத்து அதற்கு லீஷ்மேனியா டொனோவனி என்று பெயர் சூட்டியவர் அதே ராஸ்.

அதனை ஒத்த நோய் துனீசியாவில் குழந்தைகளைத் தாக்கி வந்தது. நிக்கோல் அதனை ஆராயத் தொடங்கினார். லீஷ்மேனியாவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் ஊட்டக் கலவைக்கு இன்றும் நோவி, மக்நீல் என்ற இருவரின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. நாய்களும் இந்நோயைச் சுமக்கின்றன என்பதையும் கண்டார். இவ்வாராய்ச்சிக்கெனத் தென்துனீசிய மலைப்பகுதியின் கோண்டி என்ற பிராணிகளை ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். கோண்டி என்பது பாறை இடுக்குகளில் வாழும், எலி இனத்தைச் சேர்ந்த, பூனைக்குட்டியைவிடச் சிறிய உயிர். 1908இல் அவரும் அவருடைய துணைவர் லூயி மான்சோவும் கோண்டியின் மண்ணீரலிலும் ஈரலிலும் ஒரு நுண்ணுயிரைக் கண்டனர். முதலில் அதுவும் லீஷ்மேனியாவே என்று எண்ணினர். உற்றுப் பார்த்தபோது அது வேறு இனம் என்று புலப்பட்டது. வில்லைப்போல் வளைந்திருந்தமையால், கிரேக்க மொழியில் வில்லைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு, 1909இல் டாக்ஸோபிளாஸ்மா கோண்டியை என்று பெயரிட்டனர். அதே 1908இல் பிரேசில் நாட்டில் ஸ்பிளெண்டோரே என்பவரும் ஒரு முயலில் இதனைக் கண்டார். மலேரியா ஒட்டுண்ணிக்கு இது உறவுக்கார உயிர்.

எலியிலும் முயலிலும் இருக்கும் ஒரு சிறு பூச்சியால் மனிதனுக்கு என்ன? யாருக்கும் தெரியவில்லை. பெயரைப் பதிவு செய்துவிட்டு நிக்கோல் டைபஸுக்குத் திரும்பிவிட்டார்.

தோன்றா நோய்

டைபஸ் ஆராய்ச்சியில் குரங்குகளுக்குப் பதிலாகக் கினிப் பன்றிகளை அவர் பயன்படுத்தலானார். நோயாளியின் இரத்தத்தை ஏற்றினால் அவற்றுக்குக் காய்ச்சல் மட்டும் வரும். வேறு குறி தோன்றாது. சிலவற்றுக்கு அந்தக் காய்ச்சல்கூட வராது. மற்றொருவராக இருந்தால், ஊசி பலிக்கவில்லை என்று எழுதி அவற்றை ஒதுக்கியிருப்பார். நிக்கோல் ஒதுக்கவில்லை. காய்ச்சலே இல்லாத அந்தக் கினிப் பன்றியின் இரத்தத்தை எடுத்து வேறொன்றுக்கு ஏற்றினார். அதற்கு டைபஸ் வந்தது! எலிகளிலோ இது விதிவிலக்காகவன்றி விதியாகவே இருந்தது. அவை நோயின் ஒரு குறியும் காட்டாமல் ஓடியாடித் திரியும். அவற்றின் இரத்தத்தில் மட்டும் நோய் உயிரோடு இருக்கும்.

இதற்கு அவர் தோன்றா நோய் என்று பொருள்படும் ஒரு பெயரைத் தந்தார். இது நோயின்மை அன்று, நோய்தான். அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு வளர்ச்சி உண்டு, ஒரு முடிவும் உண்டு. முகம் மட்டும் இல்லை. கொள்ளைநோய் ஓய்ந்த காலத்தில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்விக்கு, நலமாகத் தோன்றுவோரின் உடலில்தான் என்று அவர் விடை கண்டார். நோபெல் பரிசு பேனுக்காகக் கிடைத்தாலும், தாம் கண்டவற்றுள் தலைசிறந்தது இக்கருத்தே என்று அவர் மதித்தார். செவியால் கேட்க இயலாதவர், கண்ணால் காண இயலாததைக் கண்டது வியப்பன்றோ!

அவருக்கு எல்லாமே கைகூடிவிட்டது என்று எண்ண வேண்டா. டைபஸுக்குத் தடுப்பூசி காணப் பாடுபட்டார், கிட்டவில்லை. மணல்வாரி அம்மை கண்டு தேறியவரின் இரத்தச் சீரத்தைக் குழந்தைகளுக்கு ஏற்றி அந்நோயைத் தடுக்கலாம் என்று காட்டியதில் வெற்றி பெற்றார். இளமையில் தவறவிட்ட இலக்கியத்தையும் அவர் கைவிடவில்லை, நாவல்கள் எழுதினார். தொற்றுநோய்களும் மனிதரைப் போலவே பிறந்து, வாழ்ந்து, இறப்பவை என்ற தம் எண்ணத்தை 1930இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1932இல் பாரிஸ் நகரின் கொலேழ் த பிரான்சு என்ற பெருங்கல்லூரியில் பேராசிரியரானார். ஆயினும் துனிசை விடவில்லை. இதயம் நலிந்து, 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். தாம் வளர்த்த நிலையத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

இரண்டும் சந்தித்தன

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நியூயார்க் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்து, சில நாள்களில் வலிப்புக் கண்டு, ஒரு மாதத்தில் இறந்தது. அக்குழந்தையின் மூளையை ஆராய்ந்த உல்ஃப், கோவன், பெய்ஜ் ஆகிய மூவரும் அங்கே டாக்ஸோபிளாஸ்மாவைக் கண்டு 1939இல் அறிவித்தனர். பிறந்தவுடனேயே நோய் கண்டதால், அது கருவறையிலேயே தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். தாயோ நலமாக இருந்தாள்! துனிசில் பெயரிட்டு வைத்த பூச்சியும், துனிசில் பிறந்த தோன்றா நோய் என்ற கருத்தும் அந்தத் தாயின் உடலில் ஒன்றாயின.

தாய்க்குக் குறி இல்லை என்றால் நோயை எப்படி அறிவது? இரத்தத்தைத்தான் கேட்க வேண்டும். 1948இல் சாபினும் ஃபெல்ட்மனும் ஒரு சாயச் சோதனையைக் கண்டுபிடித்தனர். இந்த ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்பதை அது காட்டியது. பின்னாளில் போலியோச் சொட்டு மருந்தைத் தந்த அதே சாபின்தான் இவர். சோதனை வந்த பிறகு உலகமே திகைத்தது. மனித இனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்த ஒட்டுண்ணியை உடலில் சுமக்கிறார்கள். பெரும்பாலோர் அதை அறியவே மாட்டார்கள்.

நன்றாக வேகாத இறைச்சியால் இது பரவுகிறது என்பது 1960களில் உறுதியாயிற்று. இந்த ஒட்டுண்ணியின் இனப்பெருக்கம் முழுமை பெறும் வீடு பூனையின் குடல் என்பது 1970ஆம் ஆண்டு வாக்கில் தெளிவாயிற்று. பூனையின் கழிவோடு வெளிவரும் இதன் முட்டை உறைகள் மண்ணிலும் நீரிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. 2004-2005இல் கோயம்புத்தூரில் கண்நோயோடு வந்தவர்களுள் 248 பேருக்கு இந்த ஒட்டுண்ணியே காரணம் என்று கண் மருத்துவர்கள் கண்டனர். குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

சோதனையும் அச்சமும்

இங்கேதான் தோழர்களே, நாம் நின்று கவனிக்க வேண்டும்.

கருவுறுவதற்கு நெடுநாள் முன்பே இந்த ஒட்டுண்ணி ஒரு பெண்ணின் உடலில் புகுந்திருந்தால், அவளுடைய எதிர்ப்பொருள்களே குழந்தைக்குக் காவல். எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களைத் தவிர மற்றோருக்கு அதனால் பெரும்பாலும் தீங்கில்லை. கருவுற்ற காலத்திலோ, அதற்குச் சற்று முன்னோ முதல் முறையாகத் தொற்றினால்தான் இடர். தொடக்க மாதங்களில் தொற்றினால் குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு குறைவு. சென்றால் கேடு பெரிது. கடைசி மாதங்களில் செல்லும் வாய்ப்பு மிகுதி, கேடு சிறிது. ஆனால், பிறக்கும்போது நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் பல ஆண்டுகள் கழித்துக் கண் பழுதுபடக்கூடும். நிக்கோல் சொன்ன தோன்றா நோய் தாயோடு நிற்காமல் சேயிடமும் தொடர்கிறது!

ஆகவே, சோதனை விடை காண வேண்டிய கேள்வி, தொற்று உண்டா இல்லையா என்பதன்று. பழையதா புதியதா என்பதே. இரத்தத்தில் இரண்டு வகை எதிர்ப்பொருள்களைப் பார்க்கிறார்கள். ஐ.ஜி.ஜி. என்பது ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் இருக்கும். ஐ.ஜி.எம். என்பது முதலில் தோன்றுவது. ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும். கருவுற்ற தொடக்கத்தில் ஐ.ஜி.ஜி. மட்டும் இருந்தால் தொற்று பழையது என்று பெரும்பாலும் ஆறுதல் கொள்ளலாம். இரண்டும் இல்லாவிட்டால், அப்பெண் இதுவரை தொற்றுக்கு ஆளாகவில்லை; இனி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐ.ஜி.எம். இருந்தால் உடனே முடிவுகட்டாமல், தேர்ந்த ஆய்வுக்கூடத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். ஐ.ஜி.ஜி. எத்துணை இறுக்கமாகப் பற்றுகிறது என்று அளக்கும் சோதனை ஒன்றும் உண்டு. முதல் மூன்று மாதங்களில் பற்று இறுகியிருந்தால், தொற்று கருவுறுவதற்கு முன்பே வந்தது என்று கொள்ளலாம். புதியது என்று உறுதிப்பட்டால் ஸ்பிரமைசின் முதலிய மருந்துகள் உள்ளன. குழந்தைக்குச் சென்றதா என்று பனிக்குட நீரைச் சோதிக்கவும் வழி உண்டு.

இந்த வேறுபாடு தெரியாமையால் விளையும் துன்பத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். என் அண்ணிக்கு முதற் கரு கலைந்தது. டார்ச் என்று சொல்லப்படும் தொகுப்புச் சோதனையை எங்கேயோ எடுத்தார்கள். தாளில் இந்த நோயின் பெயருக்கு எதிரே இருப்பதாகக் குறித்திருந்தது. அது ஐ.ஜி.ஜி. மட்டுமே. ஆனால் எடுத்துச் சொல்வார் இல்லை. வீட்டில் வளர்ந்த பூனையைத் துரத்தினார்கள். அண்ணியைக் குற்றவாளிபோல் பார்த்தார்கள். தேவையற்ற மருந்தை மாதக்கணக்கில் உண்ணச் செய்தார்கள். பழைய தொற்று ஒன்று, அவர் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது வந்து போயிருக்கக்கூடியது, அவர் நெஞ்சில் இரண்டாண்டுக் காலம் முள்ளாகக் கிடந்தது. அடுத்தடுத்துக் கரு கலைவதற்கும் பழைய தொற்றைக் காரணமாக்குவோர் உண்டு. எதிர்ப்புச் சக்தி உள்ள ஒரு பெண்ணுக்கு இத்தொற்று கருவை மீண்டும் மீண்டும் தாக்குவதில்லை என்பதை அவர்கள் அறியார்.

அப்படியாயின் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை செய்வது நன்றா? நாடுகள் இதில் ஒருமனப்படவில்லை. நிக்கோல் பிறந்த பிரான்சு 1978இல் சட்டத்தின் வழியாக இதனைத் தொடங்கிற்று. தொற்று இல்லாத கர்ப்பிணிகளுக்கு மாதந்தோறும் சோதனை என்று 1992இல் விதித்தது. ஆஸ்திரியாவும் 1970களிலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனோ பொதுச் சோதனை வேண்டா என்று முடிவு செய்தது. நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இரத்த அளவும், எச்.ஐ.வி., மேகநோய் முதலியவையும் பார்க்கிறார்கள். இத்தொற்றுக்கு எல்லோருக்குமான திட்டம் இல்லை. ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு, பொருள் சொல்லாமல் தாளைக் கையில் கொடுப்பதைவிடப் பார்க்காமல் இருப்பதே மேல். பார்ப்பதானால், கருவுறும் முன்போ தொடக்கத்திலோ பார்க்க வேண்டும். தொற்று இல்லாதவர்களை இடைவெளி விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். விடையின் பொருளை அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். ஐதராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் சரியாகப் புரியாத ஒரு சகோதரிக்கு அந்தத் தாளைப் படித்துச் சொல்வது, அறிவியல் பயிலும் நம் கடமையன்றோ!

தடுக்கும் வழிகளோ எளியவை. இறைச்சியை நன்றாக வேக வைக்க வேண்டும். பச்சை இறைச்சியைத் தொட்ட கையையும் கத்தியையும் பலகையையும் கழுவ வேண்டும். காய்கனிகளையும் கீரையையும் நன்றாக அலச வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். தோட்ட மண்ணைக் கிளறிய பின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். பூனையைத் துரத்த வேண்டியதில்லை. அதன் கழிவை வேறொருவர் நாள்தோறும் அகற்றினால் போதும். வெளிவந்த முட்டை உறைகள் தொற்றும் ஆற்றல் பெற ஒரு நாளாவது செல்லும்.

துணியை வெந்நீரில் போட்டதால் டைபஸ் அடங்கிற்று. இறைச்சியை வேக வைப்பதாலும் கையைக் கழுவுவதாலும் இந்நோயும் பெரும்பாலும் அடங்கும். ஆனால், வெந்நீர் மட்டும் போதாது என்பதையும் நிக்கோலின் வாழ்க்கை காட்டுகிறது. காய்ச்சல் வராத கினிப் பன்றியை அவர் தள்ளிவிடவில்லை. அதன் இரத்தம் என்ன சொல்கிறது என்று பொறுமையாகக் கேட்டார். நலமாகத் தோன்றும் தாயின் இரத்தத்தையும் அதே பொறுமையோடு கேட்க வேண்டும். கேட்டதை அச்சமூட்டாமல் அவளுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும். முன்னதை மருத்துவர்கள் செய்யட்டும். பின்னதில் நமக்கும் பங்கு உண்டு.